புகை படிந்த பட்டறையும் புகைக்காதவர் தோலும்: சேலம் கொலுசுப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம், மணியனூர் பக்கங்களில் கொலுசுப் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்காவது என்னைத் தெரியும். தீப்புண் களிம்பு, பஞ்சு, கையுறை என்று ஆள் அனுப்பி வாங்குகிறீர்களே, அந்த மருந்துக்கடை என்னுடையது. தனித்தனியாகச் சிலரிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "பார்க்கலாங்கக்கா" என்று மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே படியிறங்கிப் போய்விடுகிறீர்கள். ஆகவே எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பட்டறை அறைக்குள் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. யாரும், எப்போதும். பெண்கள் வேலைக்கு வருவதற்கு முன் காலையில் ஒன்று, அவர்கள் போன பிறகு ராத்திரி இரண்டு என்கிற கணக்கும் வேண்டாம். ஆளில்லாத நேரத்துக்கும் சேர்த்து ஏன் கேட்கிறேன் என்பதுதான் இந்த மடலின் முக்கியமான சங்கதி. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நுரையீரல், மாரடைப்பு, புற்றுநோய் பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-லிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அந்த எச்சரிக்கைப் படம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே அடுத்ததை உருவுகிறார்கள். நான் பேச வந்தது தோலைப் பற்றி. சாமணம் பிடிக்கிற விரல் நுனியும் கண்ணி கோர்க்கிற நகக்கண்ணும் போனால் கொலுசு வேலை ஏது?

பட்டறைக்காரர்கள் என் கடையில் வாங்குவதில் பெரும்பங்கு தோலுக்குத்தான் போகிறது. திராவகம் பட்ட எரிச்சல், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நாளெல்லாம் ஊறிய விரலிடுக்கு வெடிப்பு, ஊதுகுழல் சுட்ட புண். இவை தொழிலோடு வருபவை. ஆனால் ஒரே வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவருக்குச் சட்டென்று ஆறிவிடுகிற சூடு, இன்னொருவருக்கு இழுத்துக்கொண்டே போகிறது. சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி பீடி. பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேருகிற இடத்தில் மஞ்சள் கறை பதில் சொல்லிவிடும்.

அந்தப் புண் ஏன் இழுக்கிறது? நிக்கோடின் உள்ளே போனதும் தோலுக்கு ரத்தம் கொண்டுவருகிற மெல்லிய குழாய்கள் சுருங்குகின்றன. புகையோடு வருகிற கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. வருகிற ரத்தம் குறைவு, அந்த ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனும் குறைவு. 10 நிமிடம் புகைத்தால் தோலுக்கடியில் இருக்கிற திசுக்களில் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 மணி நேரம் தாழ்ந்தே கிடக்கிறது என்று 1991-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். மணிக்கு ஒரு பீடி பிடிக்கிறவரின் சுட்ட விரலுக்கு முழு ஆக்சிஜன் கிடைப்பது அவர் தூங்குகிற நேரத்தில்தான். களிம்பை எத்தனை தரம் மாற்றினாலும் இதற்கு என்னிடம் மருந்து கிடையாது. தோலை எடுத்து ஒட்டுகிற அறுவை சிகிச்சை நிபுணர்கள், புகையை நிறுத்திச் சில வாரம் கழித்து வா என்று சொல்வதும் இதனால்தான். புகைக்கிறவருக்கு ஒட்டிய தோல் கருகிப் போய்விடும் அபாயம் அதிகம்.

முகச் சுருக்கத்தைப் பற்றிச் சொன்னால் சிலர் சிரிக்கிறீர்கள். நமக்கு என்ன சினிமாவா என்கிறீர்கள். சினிமா வேண்டாம்தான். ஆனால் சுருக்கம் என்பது உள்ளே தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரத நார் அறுந்துபோனதற்கு வெளியே தெரிகிற அடையாளம். கலிபோர்னியாவில் ஹாரி டேனியல் என்ற மருத்துவர் 1971-லேயே, புகைக்கிறவர்களுக்குக் கண் ஓரச் சுருக்கம் முன்கூட்டியே வருகிறது என்று எழுதினார். வெயிலில் காய்கிறவர்களுக்கும்தானே அது வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே, வெயிலே படாத உட்காருமிடத்துத் தோலை எடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வில், கொலாஜனை அறுக்கிற நொதி புகைக்கிறவர்களின் தோலில் அதிகமாகத் தூண்டப்பட்டிருந்தது. வெயில் மேல் பழி போட முடியாமல் போயிற்று.

இன்னும் எளிதாகப் புரிய வேண்டுமானால் இரட்டையர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. அங்கே வந்தவர்களில், ஒருவர் புகைக்கிற, மற்றவர் புகைக்காத, அல்லது ஒருவரைவிட மற்றவர் பல ஆண்டு கூடுதலாகப் புகைத்த 79 ஒத்த இரட்டையர் ஜோடிகளைப் படம் பிடித்து, யார் என்ன பழக்கம் என்று தெரியாதவர்களிடம் கொடுத்து முகத்தை மதிப்பிடச் சொன்னார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. புகைத்தவர் முகத்தில் மேலிமை தொங்கல், கண்ணுக்குக் கீழே பை, மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்குகிற மடிப்பு எல்லாம் கூடுதல். ஒரே கருவில் பிறந்தவர்கள், ஒரே பரம்பரை. வித்தியாசம் புகையில்தான் இருந்தது.

சுருக்கத்தை விடுங்கள், கைகால் போகிற வியாதிகளும் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, காய்ந்து, உரிந்து, மறுபடி கிளம்புகிற ஒரு நோய் உண்டு. அந்தச் சீழில் கிருமி இருக்காது, ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அந்த நோய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் புகைக்கிறவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிற சொரியாசிஸ் வருகிற வாய்ப்பையும் புகை கூட்டுகிறது. பியூர்ஜர் நோய் இன்னும் மோசம். நாற்பது வயதுகூட ஆகாத ஆண்களுக்கு வரும். கால்விரல் சில்லிட்டு, நீலம் பாய்ந்து, புண்ணாகி, கடைசியில் விரலையே எடுக்க வேண்டிவரும். புகையிலையை அடியோடு விட்டால்தான் அது நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் பிடிக்கிறேன் என்கிற பேரம் அந்த நோயிடம் செல்லாது.

இதுவரை சொன்னது புகைக்கிறவர் பாடு. அவர் உடம்பு, அவர் இஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். சரி. அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சலங்கை கோர்க்கிற பெண்ணுக்கு வருகிறேன்.

போன ஆடி மாதம் அப்படி ஒருவர் கடைக்கு வந்தார். உள்ளங்கையைக் கண்ணாடி மேசையின் மேல் மலர்த்தி வைத்தார். விரல் மூட்டுக் கோடுகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய வெடிப்பு. வெடிப்பின் இரண்டு ஓரமும் வெள்ளையாகத் தடித்து, நடுவில் சிவப்பு. கட்டைவிரல் நுனியில் ரேகையே இல்லை, வழவழவென்று மின்னியது. காசைக் கொடுக்கும்போது விரலை மடக்காமல், இரண்டு நகங்களுக்கு நடுவே இடுக்கி எடுத்தார். "சாமணம் புடிக்க முடியலீங்கக்கா. ஏதாச்சும் களிம்பு குடுங்க, நாளைக்கு உருப்படி குடுக்கோணும்" என்றார். வழக்கம்போல பீடியைப் பற்றிக் கேட்டேன். "ஐயோ, எங்க ஊட்ல ஆருமே தொடமாட்டாங்க" என்று பதறினார். பொய்யில்லை. ஆனால் அவர் மேசை மேல் குனிந்தபோது முந்தானையிலிருந்து பழைய பீடி வாடை அடித்தது. துவைத்து உலர்த்திய சேலைதான். அன்று காலை எட்டு மணிக்குத்தான் உடுத்தியிருப்பார்.

அந்தக் கை வெடிப்புக்குப் புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பூந்திக்கொட்டையும் திராவகமும் போதும் அப்படி ஆவதற்கு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்த முந்தானை வாடையை யோசித்துக்கொண்டே இருந்தேன். புகை காற்றில் போய்விட்டது என்று நாம் நினைக்கிறபோது அது துணியில் இருக்கிறது. சுவரில், ஜமக்காளத்தில், உட்காருகிற பழைய மெத்தைத் துண்டில், தலைமுடியில் இருக்கிறது.

இதை நம்புவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது. சாயங்காலம் ஆட்கள் கிளம்பும்போது சட்டையை உதறச் சொல்கிறீர்கள். தரைக் குப்பையைக் கூட்டிப் பொட்டலம் கட்டி, சலித்து, உருக்கி, அதிலிருந்தும் வெள்ளி எடுக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி எங்கெல்லாம் போய் ஒட்டும் என்று சேலத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. புகையும் அப்படி ஒட்டுகிற பொடிதான். இதை உதற முடியாது என்பது மட்டும்தான் வேறுபாடு.

ஒட்டியது அங்கேயே கிடந்தால்கூடப் பரவாயில்லை. தோல் வழியே உள்ளே போகிறது. தோல் என்ன சல்லடையா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். புகைப்பழக்கத்தை விடுவதற்கு நிக்கோடின் ஒட்டுப்பட்டை இருக்கிறது. கையில் ஒட்டினால் மருந்து தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். அதே நிக்கோடின் ரவிக்கையில் ஒட்டியிருந்தால் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுமா? பச்சைப் புகையிலை பறிக்கிற கூலியாட்களுக்கு, ஈர இலை உடம்பில் உரசியே வாந்தி, தலைசுற்றல் வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தார் இதை ஆட்களை வைத்தே சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். 22 முதல் 45 வயது வரையுள்ள, புகைக்காத, ஆரோக்கியமான 10 பேர். புகை ஏற்றிய துணிகளை 3 மணி நேரம் உடுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் நடைப்பொறியில் நடக்கவிட்டார்கள். எதற்கு? வியர்ப்பதற்கு. வியர்த்தால்தான் துணியில் இருப்பது தோலுக்குள் நன்றாக இறங்கும் என்பதற்காக. பிறகு சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். மரபணுப் பொருளும் கொழுப்பும் புரதமும் சேதமாவதைக் காட்டுகிற குறியீடுகள் சிறுநீரில் ஏறியிருந்தன, துணியைக் கழற்றிய பிறகும் இறங்காமல் நின்றன. ரத்தத்தில், ஒவ்வாமைத் தோல் அழற்சியோடும் சொரியாசிஸோடும் சம்பந்தப்பட்ட புரதங்கள் மாறியிருந்தன. 10 பேரை வைத்துச் செய்த சின்ன சோதனைதான், அவர்கள் யாருக்கும் வியாதி வந்துவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 3 மணி நேரத்துக்கே உடம்பு இவ்வளவு காட்டுகிறது.

அங்கே வியர்க்க வைப்பதற்கு ஒரு இயந்திரம் வேண்டியிருந்தது. இங்கே சித்திரை மாதத்துச் சேலத்தில், தகரக் கூரைக்குக் கீழே, நாலு ஊதுகுழல் எரிகிற அறையில், தீ அலையும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். காலை ஒன்பதுக்கே ரவிக்கை முதுகோடு ஒட்டிவிடுகிறது. மூன்று மணி நேரம் எங்கே, நம் வேலை நேரம் எங்கே!

இன்னொன்று, இது நம் தொழிலுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2010-ல் கண்டது: சுவரிலும் துணியிலும் படிந்த நிக்கோடின் சும்மா கிடப்பதில்லை, காற்றில் இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளாக மாறுகிறது. கூரைக்குக் கீழே அந்த நைட்ரஸ் அமிலம் எங்கிருந்து வருகிறது? புகைபோக்கி இல்லாமல் எரிகிற கேஸ் நெருப்பிலிருந்து. நம் பட்டறையில் வெள்ளியை ஒட்டவைக்கப் பற்றாசு வைத்து ஊதுகிற நெருப்புக்குப் புகைபோக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்? நேற்று ராத்திரி பிடித்த பீடி சுவரில் இருக்கிறது, இன்று காலை ஊதுகுழல் எரிகிறது. ஆளில்லாத நேரத்துக்கும் சேர்த்து ஏன் கேட்டேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஊதுகுழல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த நெருப்பிலேயே பீடியையும் பற்றவைத்துக்கொள்வது ஒரு ஸ்டைலாகிவிட்டது. கே.டி.எம். என்று நகைக்கடையில் சொல்வார்களே, அந்தக் காட்மியம் என்ற உலோகம் புகையிலைச் செடியிலும் இருக்கிறது. மண்ணிலிருந்து அதை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிற செடி அது. காட்மியம் கெடுப்பது தோலைவிடச் சிறுநீரகத்தைத்தான், ஆகவே இங்கே அதை நீட்டவில்லை. காட்மியப் பற்றாசு கெடுதல் என்று சொல்லி அதை நிறுத்தியவர்கள், பீடியில் வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டேன் என்பார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. காற்றோட்டத்தால் அடுத்தவர் புகையை அறையிலிருந்து முழுசாக நீக்க முடியாது, அந்தப் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. அதோடு, மேலே சொன்னபடி ஊதுகிற நேரத்தில் அந்த ஃபேனும் ஓடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் வாடை போய்விடும் என்கிறவர்களுக்கு என்ன சொல்ல! வாடை மறையும், சாமிக்கும் சந்தோஷம், சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கும்.

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது கை வெடிப்புக்கல்ல, முகத்தில் விழுகிற மங்குக்கு. மங்குக்குப் பட்டறைப் புகைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயில், பிள்ளைப்பேறு, மாத்திரை என்று அதற்குப் பல காரணங்கள். நான் கவலைப்படுவது வேறு. முகம் கறுத்துப் பொலிவு போய்விட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு அந்த ரகத்தில் 14 மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நான் கொடுக்கமாட்டேன். எங்கேயோ கிடைக்கிறது, பூசுகிறார்கள், தோல் மெலிந்து, சிவந்து, கடைசியில் ஊதுகுழல் வெக்கைகூடத் தாங்காத முகமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட தோலோடு புகை அறையில் உட்காருவது எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. 2008 அக்டோபர் 2-லிருந்து நடப்பிலிருக்கிற விதிகள் பணியிடத்தையும் அந்தப் பொது இடத்தில் சேர்த்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பொறுப்பு புகைத்தவரோடு நிற்காது. இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ கண்டும் காணாமல் விட்டால் அவருக்கும் அபராதம் உண்டு, எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனைக்கும் சேர்த்து. சாம்பல் தட்டு, தீப்பெட்டி எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மணல் போட்ட கொட்டாங்குச்சியும் சாம்பல் தட்டுதான். வீட்டுக் கூடத்திலேயே பட்டறை நடத்துகிறோம், அது வீடா பணியிடமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். புகையிலைப் பழக்கம் பற்றிய 2016-17 அகில இந்தியக் கணக்கெடுப்பில், வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிற பெரியவர்கள் 38.7 சதவீதம், கூரைக்குக் கீழ் வேலை செய்கிறவர்களில் வேலையிடத்தில் சுவாசிக்கிறவர்கள் 30.2 சதவீதம். வீட்டுப் பட்டறைப் பெண்ணை இதில் எந்தக் கணக்கில் வைப்பது? இரண்டிலும்தான். பகலில் பட்டறையான அதே தரையில் ராத்திரி பாய் விரித்துக் குழந்தையைப் போடுகிறார்கள். கரப்பான் என்று நாம் சொல்கிற அந்த அரிப்புத் தோல் நோய்க்கும் குழந்தையைச் சுற்றியிருக்கிற புகைக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தை தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிடத் தரைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதானே.

ஆட்களைத் திட்டித் தீர்த்துவிட்டால் காரியம் ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஏன் உட்கார்ந்த இடத்திலேயே பிடிக்கிறார்கள்? கூலி எடைக் கணக்கு. எழுந்து போனால் போன நேரத்துக்குக் காசு கிடையாது. போதாக்குறைக்கு, வெள்ளி கையில் இருக்கும்போது அடிக்கடி வெளியே போகிறவனை நீங்களும் ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். வடக்கே அனுப்ப வேண்டிய தீபாவளி உருப்படி நேரத்தில் விடிய விடிய வேலை, தூக்கத்தை விரட்டப் பீடி. உங்களில் சிலரே கல்லாவில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு, ஆளைப் பார்த்து வெளியே போ என்றால் அவன் எப்படிக் கேட்பான்? ஆக, முதல் சிகரெட் உங்களுடையதாக வெளியே போகட்டும்.

காலையும் மாலையும் டீக்கு விடுகிற நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்து விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். மொட்டை மாடியோ, பின்பக்கத்து வேப்பமரத்தடியோ, ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கள். வாசலிலேயே நின்று பிடித்தால் பாதிப் புகை உள்ளேதான் வரும். திரும்பி வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். முடிந்தால் பட்டறைக்கென்று ஒரு மேல்சட்டை, வெளியே போகும்போது அதைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகட்டும், வெள்ளிப் பொடிக்கும் அது நல்லது. இதுவரை படிந்ததற்கு, சுவரையும் ஜன்னல் கம்பியையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். கழுவாமல் மேலே அடித்தால் உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து வரும். ஜமக்காளத்தை வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைக்கலாம். அந்தப் பழைய பஞ்சு மெத்தைத் துண்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள், அவற்றைத் துவைத்துச் சுத்தமாக்க முடியாது.

பழக்கத்தை விட நினைக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் சொல்லமாட்டார்கள், என்னிடம் கேட்கிறார்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது, படத்துக்குக் கீழே இருப்பதால் யாரும் படிப்பதில்லை. நிக்கோடின் சூயிங்கமும் கடையில் இருக்கிறது. அதை மிட்டாய் மாதிரி சவைக்கக் கூடாது. இரண்டு மூன்று கடி, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், கூடவே டீ குடிக்கக் கூடாது. சொல்லிக் கொடுத்துத்தான் தருகிறேன். விட்டவர்களிடம் நான் முதலில் கவனிப்பது முகத்தை. இன்னும் தோல் சுருக்கம் போகவில்லையே என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார்கள். அறுந்த கொலாஜன் அப்படியே திரும்பாது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரத்த ஓட்டம் சில வாரங்களிலேயே தேறும், சூட்டுப் புண் மற்றவர்களுக்கு ஆறுகிற மாதிரி ஆறத் தொடங்கும். பட்டறைக்காரருக்கு அதுதானே முக்கியம்.

கடைசியாக ஒரு வேலை. விதிப்படி ஒவ்வொரு பட்டறை வாசலிலும் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில், இங்கே புகைப்பது குற்றம் என்று பலகை இருக்க வேண்டும். பெயிண்டரிடம் சொல்லிச் சில பலகைகள் எழுதி வாங்கிக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறேன், காசு வேண்டாம், ஆணியும் தருகிறேன். யாராவது உள்ளே புகைத்தால் யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு பெயரும் அந்தப் பலகையில் எழுத வேண்டும். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறது. அங்கே யார் பெயர் என்று முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள். புகைக்கிற மேஸ்திரி பெயரைப் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். சலங்கை கோர்க்கிற அக்காமார்களில் ஒருவர் பெயரைப் போட உங்களுக்குச் சம்மதமென்றால் எனக்குச் சந்தோஷம்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் உங்கள் அக்கா